புதியதை மாட்டும் முன்

ஜனவரி மாதத்தில் ரொறன்ரோ சாலையில் கார் ஓட்டுபவருக்கு ஹீட்டர் உயிர்காப்பு. முன்கண்ணாடியில் படியும் ஈரத்தையும் பனியையும் விலக்குவது அந்த வெப்பக்காற்றுதான். அது திடீரென்று குளிர்காற்றை ஊதினால் இளையவர்கள் பதறிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: கருவியை எடுக்கும் முன் காது கொடுங்கள்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிறதா? ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் காற்று வருகிறதா? அப்படியானால் ஆக்சுவேட்டரைச் சந்தேகிக்கலாம். எஞ்சினின் சூட்டைக் கூலன்ட் என்னும் திரவம், ஹீட்டர் கோர் என்னும் சிறு ரேடியேட்டருக்குக் கொண்டு வருகிறது. எவ்வளவு காற்று அதன் வழியே போகவேண்டும் என்பதை உள்ளே ஒரு சிறு கதவு தீர்மானிக்கிறது. கதவைத் திருப்பும் உள்ளங்கையளவு மோட்டார்தான் ஆக்சுவேட்டர். அதன் பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் பல் உடைந்தால் அந்தச் சத்தம் வரும். சத்தமே இல்லாமல் எல்லாப் பக்கமும் குளிர்ந்தால், கூலன்ட் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் பாருங்கள்.

பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் ஆக்சுவேட்டருக்குக் கை எட்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, ஏர்பேக்கில் தங்கிய மின்சாரம் அடங்கச் சில நிமிடங்கள் பொறுங்கள். இரண்டு மூன்று சிறு திருகுகளையும் ஒரு மின்இணைப்பையும் கழற்றினால் மோட்டார் கைக்கு வந்துவிடும்.

உடனே புதியதை மாட்டாதீர்கள். கதவின் அச்சை விரலால் மெல்ல இருபக்கமும் திருப்புங்கள். தடையின்றித் திரும்ப வேண்டும். காற்றுத் துவாரம் வழியே விழுந்த பேனா ஒன்று உள்ளே கிடந்து தடுத்தால், புது மோட்டாரும் அதிலேயே முட்டி முட்டிப் பல்லை இழக்கும்.

வாழ்க்கையிலும் வேலை சரியில்லை என்று வேலையை மாற்றுகிறோம். வீடு சரியில்லை என்று வீட்டை மாற்றுகிறோம். எது தடுத்தது என்று தொட்டுப் பார்ப்பதில்லை. அதனால் பழைய தொல்லை புது முகவரிக்கும் கூடவே வருகிறது.

மாட்டி முடித்து, பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிய பின், ஒரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். பல கார்களில் புது மோட்டார் கதவை இரு எல்லைகளுக்கும் ஓட்டித் தன் இடத்தை அறிந்துகொள்ளும். வீட்டுக்கோ வேலைக்கோ புதிதாக வருபவருக்கும் இந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

சில கார்களில் டாஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுவதில் குறைவில்லை. யார் செய்தாலும், புதியதற்குப் பணம் கொடுக்கும் முன் பழையது ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.