போகிற வாத்தியாரும் இருக்கிற வாத்தியாரும்

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் குடியேறிய நம்மவர் வீடுகளில் இப்போது 'கேப் இயர்' என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை உடனே கல்லூரிக்குப் போகாமல், ஒரு வருடம் எங்காவது தூர தேசத்துக் கிராமத்தில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறது. "படிப்பில் ஒரு வருஷம் போச்சே" என்று இங்கே தாத்தா பாட்டிக்குக் கவலை. எனக்குள்ள கவலை வேறு. அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருஷத்தில் என்ன கிடைக்கிறது என்பதுதான் அது.

இது புதிய பழக்கமும் இல்லை. 1958-ல் இங்கிலாந்தில் வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு தொடங்கியபோது, பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களைத்தான் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பிற்காலத்தில் தொழில் தெரிந்த அனுபவசாலிகளை அனுப்பும் அமைப்பாக அது மாறிவிட்டது. அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-ல் முதல் குழுவாக கானா நாட்டுக்கு அனுப்பிய 51 பேரும் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள். முதலில் சில மாதம் பயிற்சி, பிறகு இரண்டு வருடம் அங்கேயே வாசம் என்பது அவர்கள் ஏற்பாடு. இப்போது இரண்டு, மூன்று வாரத்துக்குக்கூட ஆட்கள் போகிறார்கள். அதற்கென்று கட்டணம் வாங்கும் கம்பெனிகளும் வந்துவிட்டன.

எனக்கு கேப் இயர் கிடைத்தது 58 வயதுக்கு மேல்! மன்னார்குடிப் பக்கம் 33 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து 2017-ல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் நண்பர் ஒருவர் மூலமாக நேபாளத்தில் கூர்க்கா மாவட்டத்து மலைக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தியர்களுக்கு விசா வேண்டியதில்லை. கோரக்பூர் வரை ரயில், பிறகு பஸ், சோனாலியில் நடந்தே எல்லையைத் தாண்டினால் நேபாளம். அவர்களுடைய பைசாக் முதல் தேதியும் நம் சித்திரை முதல் தேதியும் அந்த வருடம் ஒரே நாளில், ஏப்ரல் 14-ல் வந்தன. அந்த மாதத்தில்தான் அங்கே புது வகுப்புகள் தொடங்கும்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய பூகம்பத்தின் மையம் இந்தக் கூர்க்கா மாவட்டம்தான். சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் விழுந்தன. அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அப்போது வார விடுமுறை சனிக்கிழமைதான், ஞாயிற்றுக்கிழமை பள்ளி இருந்தது. நண்பகலை ஒட்டி வந்த அந்தப் பூகம்பம் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நான் போனபோதும் எங்கள் பள்ளியில் பாதி வகுப்புகள் தகரக் கொட்டகையில்தான் நடந்தன. மழை பிடித்தால் வாத்தியார் குரல் முதல் பெஞ்சுக்கே கேட்காது.

தலைமை ஆசிரியரை அங்கே 'ஹெட் சர்' என்பார்கள். அவர் என் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தையும் கேட்கவில்லை. "எத்தனை வாரம் இருப்பீர்கள்?" என்றுதான் கேட்டார். "வருடம் முழுக்க" என்றேன். அதன் பிறகுதான் டீ சொன்னார்.

பூகம்பத்துக்குப் பின் பல நாட்டுப் பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஆரம்பத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலை, தோள், முழங்காலைத் தொட்டுக் காட்டும் ஆங்கிலப் பாட்டு தலைகீழ்ப் பாடம். நூற்றுக்கு எட்டு வீதம் என்றால் விழித்தார்கள். ஹெட் சர் இன்னொன்றும் சொன்னார். "வெளிநாட்டுக்காரர் வகுப்புக்குள் போனால் எங்கள் ஆசிரியர் வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர்கள் ஊருக்குப் போனதும் பிள்ளைகள் எங்கள் ஆசிரியரை மதிப்பதில்லை."

அவர் மெச்சிப் பேசியது ஒரே ஒரு பெண்ணை. இங்கிலாந்திலிருந்து வந்து எட்டு மாதம் தங்கியவள். தனியாக வகுப்பே எடுக்கவில்லையாம். தினமும் சாயங்காலம் ஆங்கில டீச்சரோடு உட்கார்ந்து, மறுநாள் பாடத்தை வாய்விட்டு வாசிப்பார்களாம். அவள் போய் ஒரு வருடம் ஆன பிறகும் அந்த டீச்சர் வகுப்பில் ஆங்கிலத்திலேயே பேசுவதை நான் கேட்டேன்.

எனக்கும் அதே ஏற்பாடுதான். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போனதால், இளம் அறிவியல் ஆசிரியர் ஒருவர் தலையில் கணக்கும் விழுந்திருந்தது. சாயங்காலம் இருவரும் பாடத்தைப் போட்டுப் பார்ப்போம். மறுநாள் நடத்துவது அவர், கடைசி பெஞ்சில் உட்காருவது நான். 33 வருடம் கத்திப் பழகியவனுக்கு நாக்குத் துடிக்கும்! சிறு வயதில் ஹிந்தி பிரச்சார சபாவில் ராஷ்டிரபாஷா வரை தேறியிருந்ததால் நேபாளிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. அர்த்தம் தெரியாத சொல்லை வகுப்பிலேயே எழுந்து நின்று அவரிடம் கேட்பேன். இந்தியாவிலிருந்து வந்த கிழவர் நம் சாரிடம் சந்தேகம் கேட்கிறாரே என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். தனிவட்டிப் பாடம் வந்தபோது, புத்தகக் கணக்கை விட்டுவிட்டு அந்த இளைஞர் ஊர்க் கணக்கை எடுத்தார். ஏஜென்டுக்குக் கொடுக்க 1,20,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். நம்மூர் மூணு வட்டியேதான்! மாதம் 3,600, வருடத்துக்கு 43,200. அசல் அப்படியே நிற்கும். வகுப்பு கப்சிப். எனக்கு அந்தக் கணக்கு தோன்றியிருக்காது, ஏனென்றால் அது என் ஊர் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் கத்தார் போக அதே தொகை, அதே வட்டி. அம்மா கேட்டது என்னிடம் அல்ல, அவரிடம். மண்ணெல்லாம் சுண்ணக்கட்டிக் கணக்கு. அண்ணன் கத்தார் போகத்தான் செய்தான். ஆனால் கடனை அந்த ஊர் அம்மாக்கள் குழுவில் ஒன்றரை வட்டிக்கு வாங்கினார்கள். வருடத்துக்கு 21,600 ரூபாய் மிச்சம்.

சாப்பாட்டுக்கு நான் கஷ்டப்படவில்லை. காலை பத்து மணி பள்ளிக்கு முன்பே பருப்புச் சோறு. சில நாள் 'டிண்டோ', அதாவது நம் கேழ்வரகுக் களி. ஆஷாட மாத நடவு வந்தால் வகுப்பு காலி, பிள்ளைகள் வயலில். டெல்டாக்காரனுக்கு அது புரியாதா?

உங்கள் பேரனோ பேத்தியோ இப்படிப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். உன்னைக் கூப்பிட்டது அந்தப் பள்ளியா, கட்டணம் வாங்கும் கம்பெனியா? ஒரு பாடப் பகுதியாவது முடியும்வரை இருப்பாயா? நீ கிளம்பிய மறுநாள் அந்த வகுப்பில் நிற்கப்போவது யார், அவரோடு நீ உட்காரப்போகிறாயா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்கள்.

அந்த இளம் ஆசிரியர் முதல் வருடம் வாட்ஸ்அப்பில் வாரம் இரண்டு கணக்காவது அனுப்புவார். இப்போது தசைன் பண்டிகைக்கு வாழ்த்து மட்டும்தான் வருகிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.