பனங்கூடலும் ஓர் அடுக்களையும்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் புகையிரதம் ஆனையிறவைக் கடந்ததும் நிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. வெளியும் கடல்நீரும், அவற்றுக்கப்பால் நிரைநிரையாய் நிற்கும் பனைகளும் கண்ணிற் படுந்தோறும் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர் நெஞ்சம் சற்றே விம்மும். 1990ஆம் ஆண்டில் நின்றுபோன இப்பயணம் 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம்வரை தொடங்கிற்று. அடுத்து வந்த தை மாதத்தில், என் மகளை அழைத்துக்கொண்டு பிறந்த ஊருக்குச் சென்றேன்.

எம்மூர் வலிகாமத்தின் மேற்கே, கடலை அண்டிய ஒரு சிற்றூர். வற்றாத ஆறொன்று இல்லாத அக்குடாநாட்டிலே கிணற்று நீரும் மாரி மழையுமே வாழ்வு, பனையே களஞ்சியம். ஆவணியில் விழும் பழத்தைப் பிசைந்து பாயிற் பரப்பி, ஆச்சி பனாட்டாக்குவார். எஞ்சிய கொட்டைகள் பாத்தியிலே அடுக்கப்படும். மழையில் முளைத்த கிழங்கைத் தையிலே கிண்டுவோம். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவ்வொடியலை இடித்த மாவே கூழுக்கு உயிர்.

கூழ் காய்ச்சும் நாள் எமக்குத் திருநாள். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி யாவும் ஒரே பானையில் வேகும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் பின்னர்ச் சேரும். இறுதியிலே கரைத்த ஒடியல்மா. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, முற்றத்தில் வட்டமாக இருந்து குடிப்போம்.

ஆச்சி எனக்கு ஒருநாளும் சமையல் கற்பித்ததில்லை. “பிள்ளை, தள்ளி நில், நெருப்பு” என்பதே அவர் சொன்ன பாடம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். இடம்பெயர்ந்த இடத்திலேயே ஆச்சி கண்மூடினார்.

இரண்டாண்டுகளின் பின், கொழும்பில் ஒரு வாடகை வீட்டில், உறவினர் கொண்டுவந்த மாவிலே முதன்முறையாகக் கூழ் காய்ச்சினேன். கசந்தது. வீட்டில் எவரும் இரண்டாம் வாய் குடிக்கவில்லை. அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்தபோது ஒரு காட்சி மனத்திரையில் எழுந்தது: ஆச்சி சட்டியிலிருந்த நீரை வாழையடியில் மெல்ல ஊற்றுகின்றார். வாழைக்கு நீர் விடுகின்றார் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். ஒடியல்மாவில் இயல்பாகவே கசப்புண்டு. நீரில் ஊறவிட்டு, மா அடியிற் படிந்தபின் அந்நீரை வடித்தாலன்றி அது நீங்காது. மறுமுறை கூழ் இனித்தது என்றே சொல்வேன். அன்றுதொட்டு அடுக்களை எனக்குச் சுமையாகத் தோன்றியதில்லை. ஏதேனும் கறி கைகூடாதபோது புத்தகத்தைத் தேடாமல், அம்முற்றத்தையே நினைத்துப் பார்ப்பேன்.

இம்முறை சென்றபோது ஆச்சியின் அடுக்களை இருந்த இடத்தில் இடிந்த சுவரொன்றே எஞ்சியிருந்தது. கிணறு இருந்தது, பனங்கூடல் இருந்தது. அயல்வீட்டார் ஒடியல்மா தந்து, தம் அடுப்பையும் எமக்கு விட்டுக்கொடுத்தனர். மாவை ஊறவிட்டுச் சற்று வெளியே சென்று திரும்பினேன். என் மகள், நான் ஒன்றும் சொல்லாமலே, தெளிந்த நீரை வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.