பிஸ்கட் டப்பாவில் ஒரு புல்லர்

வண்டியை வாங்கிவிட்ட பிறகுதான் நண்பர் எனக்குப் போன் செய்தார். பொன்னேரிப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடந்த என்ஃபீல்டு எக்ஸ்ப்ளோரர். 50 சிசி, டூ ஸ்ட்ரோக். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்கூட அழியவில்லை. "அதிகம் ஓடாத வண்டி சார்" என்று புரோக்கர் ஆசை காட்டியிருந்தார்.

"ஓடாத வண்டிக்குத்தாம்பா சீக்கு ஜாஸ்தி" என்றார் மீஞ்சூர் மெக்கானிக்.

என்ஃபீல்டு என்றால் ஊருக்கெல்லாம் புல்லட்தான். 1955-ல் தொடங்கி திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த நிறுவனம், 1980களில் ஜெர்மனியின் சூண்டாப் தொழில்நுட்பத்தோடு சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று சின்ன வண்டிகளும் செய்தது பலருக்கு நினைவில்லை. சூண்டாப் 1984-ல் திவாலானது. அதே ஆண்டு ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. மறு ஆண்டே யமஹா ஆர்எக்ஸ் 100. மூட்டை ஏற்ற 1980 முதலே டிவிஎஸ் 50 இருந்தது, முறுக்கிப் பறக்க ஜப்பான் எஞ்சின் வந்துவிட்டது. இடையில் மாட்டிய எக்ஸ்ப்ளோரர் காணாமல் போனது. அதோடு உதிரிபாகமும்.

பட்டறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே. அறுபதைத் தாண்டிய மெக்கானிக், அரைடிராயர் வயதில் திருவொற்றியூர் ஹைரோட்டில் ஸ்பேனர் கழுவித் தொழில் கற்றவர். முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து நண்பரை மோந்து பார்க்கச் சொன்னார். "இது பெட்ரோலா? வார்னிஷு!"

உள்ளே துரு செதில் செதிலாக நின்றது. அவருக்கு அதில் ஆச்சரியமில்லை. நிலத்தடி நீரில் கடல் புகுந்து கிணறுகள் உப்பேறிய ஊர் இது; பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையே 2010-ல் வந்தது. "இந்த ஊர்க் காத்துல இரும்பு நிக்காதுப்பா."

இது மாதிரிச் சின்ன டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் அறைக்குள் அழுந்தும் பெட்ரோல்-காற்றுக் கலவைதான் மேலே ஏறுகிறது. அந்த அறையில் காற்றுக் கசியக் கூடாது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தக் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் காய்ந்து வெடித்திருக்கும். வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் கலவை மெலியும், சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும். அதனால் கிக்கரை உதைக்கும் முன்பே சீலை மாற்ற வேண்டும். சீலைத் தொட வேண்டுமானால் மேக்னெட்டைக் கழற்ற வேண்டும்.

அங்கேதான் புல்லர் வந்தது. கிராங்க் முனையில் இறுகியிருக்கும் மேக்னெட் சக்கரத்தை உள்மறையில் பிடித்து வெளியே இழுக்கும் கருவி, உள்ளங்கையில் அடங்கிவிடும். வண்டிக்கு வண்டி மறை மாறும். புல்லர் இல்லாதவர்கள் சுத்தியலால் தட்டுவார்கள். கிராங்க் மறை நசுங்கி எஞ்சினே காயலான் கடைக்குப் போகும். எக்ஸ்ப்ளோரருக்குப் புல்லர் எங்கும் கிடைக்காததால், மெக்கானிக் எப்போதோ கும்மிடிப்பூண்டி லேத் ஒன்றில் நாள் முழுக்க உட்கார்ந்து கடைந்து வாங்கியிருக்கிறார். பனியன் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். கால் திருப்பு, ஒரு தட்டு, மீண்டும் கால் திருப்பு. 'டக்' என்று மேக்னெட் கையோடு வந்தது.

கிராங்கைப் பிரித்த கட்டத்தில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பேச்சு புரோக்கரைப் பற்றி. கொட்டகைக்காரருக்கு இரும்பு விலை கொடுத்துவிட்டு, அதே வண்டியை 'விண்டேஜ்' என்று பெயர் மாற்றி நண்பரிடம் பல மடங்குக்குத் தள்ளியிருக்கிறார். நடுவில் அவர் செய்த வேலை, தண்ணீர் ஊற்றிக் கழுவியது. நான்கு நாள் முதுகு வளைத்தவரின் கூலி, அந்த லாபத்தின் ஓரத்தைத்தான் தொடும். "எவன் கேக்குறான்?" என்றார் மெக்கானிக். பட்டறையில் கூட வேலை பார்த்த பையனும் இப்போது கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வேன் ஏறிவிட்டான். புல்லரை யாரிடம் கொடுப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆர்சி வேலை தனி. 15 ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது.

நான்காம் நாள் சாயங்காலம், ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை பட்டறையை நிறைத்தது. நண்பர் கைதட்டினார். மெக்கானிக் தலையைச் சாய்த்து அரை நிமிஷம் கேட்டுவிட்டு, வண்டியை அணைத்தார்.

"சத்தம் சரியில்ல. விட்டுட்டுப் போ தம்பி, புதன்கிழமை வா."

பிஸ்கட் டப்பாவை மறுபடி திறந்தார்.