கந்தப்பனாரைத் தேடிக் கரவெட்டிக்கு

பருத்தித்துறையில், வெளிச்சவீட்டுக்கு அணித்தாக உள்ள சிநேகிதர் ஒருவர் வீட்டிலே, பூச்சி அரித்த பழைய 'ஈழகேசரி'த் தாள்களை ஒரு மாரிகால மாலையிற் புரட்டிக்கொண்டிருந்தபோது, 'ஈழத்துப் பேனா மன்னர்கள்' என்ற தலைப்பும் 'கரவைக்கவி கந்தப்பனார்' என்ற பெயரும் என் கண்ணிற் பட்டன. நம் நாட்டு எழுத்தாளர்களை ஒவ்வொருவராக அறிமுகஞ் செய்த அவ்வரிசையை எழுதியவர், கரவை என வழங்கும் கரவெட்டியில், எங்கள் வடமராட்சி மண்ணிலேயே பிறந்த புலவராதல் வேண்டுமென்று நிச்சயித்து, மறுநாட் காலை நெல்லியடிக்கு பஸ் ஏறினேன். சிநேகிதர் மறுவார்த்தை பேசாது வழியனுப்பினார்.

கரவெட்டியில், திண்ணையிலிருந்து ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை விசாரித்தேன். இழைத்த கை ஓயாமலே அவர் சொன்னார்: "தம்பி, கந்தப்பர் எண்டு நாலைஞ்சு பேர் இஞ்சை இருந்தவை. கவி பாடினவையும் கனபேர். ரெண்டும் ஒண்டாய் இருந்த ஆளை நான் காணேல்லை. ஆரோ உம்மைச் சுத்தவிட்டிருக்கினம்."

சுற்றவிட்டவர் சிநேகிதரேதான். வெறுங்கையோடு திரும்பிய என்னைக் கண்டதும் குலுங்கிச் சிரித்து, "அது குரும்பசிட்டி வாத்தியார் கனக. செந்திநாதன் எல்லோ!" என்றார். "நேற்றே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சொன்னால் நீர் கரவெட்டி பார்த்திருப்பீரோ?" என்றார்.

ஆசிரியரும் 'இரசிகமணி'யும், நடமாடும் நூலகமெனப் புகழ்பெற்றவருமான செந்திநாதன் வலிகாமத்துக்காரர். ஆயினும் அன்றிரவு அப்பெயரைப் பதம் பிரித்துப் பார்த்தபோது, அவர் வாசகரை முற்றாக ஏமாற்றிவிடவில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. செந்தி என்பது திருச்செந்தூர், அதன் நாதன் முருகன், முருகனே கந்தப்பன். கரவு என்றாலோ ஒளிப்பு என்று பொருள். அவர் எண்ணி வைத்தாரோ, தற்செயலாய் அமைந்ததோ, ஒளிந்திருப்பவர் தம் பெயரைத் தாமே வாசலில் எழுதி வைத்தது போலிருந்தது. 1899இல் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், தம் பெயரைப் பரிதிமாற் கலைஞன் என்று தமிழாக்கி, அதற்குள் மறைந்து 'தனிப்பாசுரத் தொகை'யை வெளியிட்ட விநோதமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கூடிப் பழகும் எழுத்தாளரின் குணதோஷங்களைச் சொல்லப் புகுபவனுக்கு முகதாட்சணியம் பெருந்தடை; அத்தடையைத் தாண்ட ஒரு கற்பனைக் கந்தப்பனார் உதவுவாரானால், அந்தப் பரிகாசத்தாற் கேடொன்றுமில்லை, இலக்கியத்துக்கு லாபமே என்பது என் அபிப்பிராயம். பின்னர் 1964இல் 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி'யைச் செந்திநாதன் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்.

ஆகவே அன்பர்களே, பழைய ஏடுகளில் ஊரும் பேருமாய் ஒரு கவிராயர் எதிர்ப்பட்டால், பஸ் ஏறுமுன் அவர் பெயரை ஒருமுறை பதம் பிரித்துப் பாருங்கள்.