காலி டிப்பரும் அக்கா பொண்ணு தூக்கமும்

ராத்திரி ரெண்டரை மணிக்குப் போற லாரி காலியா, லோடான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். கெலமங்கலத்துல ரோட்டு மேல வீடு இருக்குற எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். லோடு வண்டி உறுமிக்கிட்டே மெதுவா ஏறி இறங்கும். காலி டிப்பர்தான் வில்லன். எங்க வீட்டு முன்னாடி இருக்குற ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினதும் பின்னாடி தொட்டி ஒரு குதி குதிச்சு 'தடால்'னு விழும் பாருங்க, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒரு தடவை பேசிட்டுத்தான் அடங்கும்.

நான் ஸ்கூல் படிச்சப்போ ஒன்பது மணிக்கு மேல ரோட்டுல நாய்ங்க ராஜ்ஜியம்தான். இப்போ கிரானைட், எம்-சாண்ட், ராயக்கோட்டை தக்காளி, போதாததுக்கு ஷிப்ட் பஸ்ஸுங்க.

மாமாவுக்கு வெளியூர் வேலைங்கறதால அக்காவும் பொண்ணும் இப்போ எங்க வீட்டுலதான். பாப்பா ஒண்ணாங்கிளாஸ். போன மாசம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. "மூணாவது பீரியட்லயே தூங்கி விழுறா. ராத்திரி டிவி பாக்க விடுறீங்களா?" அக்கா அழுதுட்டா. ஒன்பது மணிக்கே படுக்க வெச்சிடுறா, பாவம். பாப்பாவும் நடுராத்திரி எழுந்து உக்கார்றதில்லை. "அதெல்லாம் அவளுக்குப் பழகிடுச்சுடா" என்பது அம்மாவின் தீர்ப்பு.

நமக்குத்தான் எதையும் சும்மா விடுற பழக்கம் இல்லையே, உக்காந்து படிச்சேன். அம்மா சொன்னது பாதி சரி. சத்தத்துக்குப் பெரியவங்க அளவுக்குக் குழந்தைங்க முழிக்கிறதில்லை. ஸ்வீடன்ல 9 முதல் 12 வயசு வரைக்கும் 160 பிள்ளைங்களை வெச்சு 2006ல வந்த ஆய்வுலயும் பிள்ளைங்க பெத்தவங்களை விடக் குறைவாத்தான் முழிச்சிருக்காங்க. ஆனா ரோட்டுச் சத்தம் கூடக்கூட தூக்கத்தோட தரம் கெட்டிருக்கு, பகல்ல தூக்கக் கலக்கம் கூடியிருக்கு. கண்ணு முழிக்கலைன்னாலும் உடம்பு சத்தத்தைக் கவனிச்சுக்கிட்டேதான் இருக்காம். இதயத் துடிப்பு ஒரு எகிறு எகிறும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமான தூக்கமா மாறிடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்கிறதே அந்த ஆழ்ந்த தூக்கத்துலதான்.

பாப்பா படுக்குற முன் ரூம்ல ஒரு ராத்திரி மொபைல் ஆப் போட்டு வெச்சேன். துல்லியமான கருவி இல்லைதான், ஒரு குத்துமதிப்பு. 11லேர்ந்து 5 வரைக்கும் சராசரி 47 டெசிபல். அட, பரவாயில்லையேன்னு நினைச்சேன். அப்புறம் கிராஃபைப் பார்த்தா, 65ஐ தாண்டின முள்ளு மட்டும் 31! சராசரி ரெஸ்பான்ஸ் டைமைக் காட்டி மேனேஜரை ஏமாத்துற அதே வேலைதான். முழிப்பு வர்றது சராசரியால இல்லீங்க, முள்ளால. படுக்கையறைக்குள்ள சராசரி 30, தனிச்சத்தம் 45 தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லியாச்சு. நம்ம நாட்டு 2000ஆம் வருஷ விதியிலயும் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் 45தான், அதுவும் வீட்டுக்கு வெளியில. டிப்பர்காரருக்கு யாரு போய்ச் சொல்றது?

ஸ்பீட் பிரேக்கரை எடுக்கச் சொல்லலாம்னா அதுக்கும் வாயில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி சைக்கிள்ல வந்த பையன் ஒருத்தனை வண்டி இடிச்சு கால் உடைஞ்சது. அதுக்கப்புறம் தெருவே கையெழுத்து போட்டு வாங்கினது அது. முதல் கையெழுத்து எங்கப்பாவோடது.

மறுநாள் அதே ஆப்பைப் பின் ரூம்ல வெச்சேன். ஒரு முள்ளுகூட 50ஐத் தொடலை. அந்த ரூம் யாரோடதுன்னு கேக்குறீங்களா? ஐயாவோடதுதான். அமெரிக்கா கால் இருக்கு, அமைதி வேணும்னு நான்தான் சண்டை போட்டு வாங்கினது. அன்னைக்கு சாயங்காலமே கட்டிலை மாத்தியாச்சு. அக்கா ஒண்ணும் சொல்லலை. அதுதான் கொஞ்சம் குத்துச்சு.

மூணு வாரம் ஆச்சு. பாப்பா கிளாஸ்ல தூங்குறது குறைஞ்சிருக்கு, சுத்தமா நிக்கலை. நேத்து கால்ல அந்தப் பக்கத்து ஆளு, "அங்க ஏதாவது இடிஞ்சு விழுந்துடுச்சா?"ன்னு பதறிட்டார்.

பக்கத்து வீட்டுல ரெண்டு வாண்டுங்க. அவங்களுக்கு இருக்குறதே ஒரே ரூம், அதுவும் ரோட்டைப் பார்த்த மாதிரி. ஸ்பீட் பிரேக்கரை எடுக்க வேணாம், ஒரு இருநூறு அடி தள்ளி ஸ்கூல் கேட் கிட்டயே போடுங்கன்னு மனு எழுதி வெச்சிருக்கேன். அங்க எதிர்ல குடோன்தான், ராத்திரி யாரும் தூங்குறதில்லை. அப்பா படிச்சுட்டு மேஜை மேல வெச்சிருக்கார், இன்னும் கையெழுத்து போடலை.