சதுரம் செய்த குற்றம்

கணக்கில் நமக்குள்ள ஞானம் பால் கணக்கோடு சரி. ஆயினும் தகப்பனார் என்ற பதவிக்கு வந்துவிட்டால், தெரியாத விஷயத்திலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் நமது புதல்வி பரீட்சைத் தாளுடன் வந்து நின்றாள். "சதுரம் ஒரு செவ்வகமாகும்: சரியா, தவறா?" என்பது கேள்வி. "சரி" என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி! "சதுரம் சதுரந்தான், செவ்வகம் செவ்வகந்தான். வாத்தியாருக்குத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டோம். குழந்தை கண் கலங்கி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வயோதிக ஆசாரியார் ஒருவர் ஜன்னல் சட்டம் கொண்டு வந்தார். பக்கத்துக்கு 3 அடி என்று சொல்லியிருந்தோம். நான்கு பக்கமும் 3 அடியே இருந்தது. அவரோ திருப்தியடையாமல் மூலைக்கு மூலை நூல் பிடித்தார்.

"ஒரு நூல் நீளம், ஒன்று குட்டை. சட்டம் சாய்ந்திருக்கிறது, ஐயா" என்றார்.

"அப்படியானால் இது இப்போது சாய்சதுரம்" என்றாள் புதல்வி.

ஆசாரியார் மூலையில் ஒரு தட்டுத் தட்டினார். நூலிரண்டும் சமமாயின. பக்கம் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"தாத்தா, நீளமான கதவு நிலைக்கும் இப்படித்தான் பார்ப்பீர்களா?"

"இதேதான், பாப்பா. எதிர்ப்பக்கம் சமமாயிருந்து, மூலை நூலும் சமமானால் நிலை நேர்."

அவள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். எதிர்ப்பக்கங்கள் சமமானால் இணைகரம். அதன் மூலைவிட்டங்களும் சமமானால் செவ்வகம். அந்தப் பரீட்சையில் நமது சதுர ஜன்னல் குறைவின்றித் தேறிவிட்டது. நான்கு பக்கமும் சமமாயிருப்பதால் சாய்சதுரம் என்ற பட்டமும் அதற்கு உண்டு. இரண்டாவது பட்டம் வாங்கியவனிடமிருந்து முதற் பட்டத்தைப் பிடுங்குவார்களா?

நமது கட்சிக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். யூக்ளிட், செவ்வகத்தைப் பக்கங்கள் சமமில்லாதது என்றே வகுத்து, சதுரத்தை வெளியே நிறுத்திவிட்டார். இன்றைய கணிதம் அவ்விதம் செய்வதில்லை. இணைகரத்துக்கு ஒருமுறை நிரூபித்தது செவ்வகம், சாய்சதுரம், சதுரம் மூன்றுக்கும் மறுபடி உழைக்காமலே கிடைத்துவிடுகிறதல்லவா?

1150-ல் லீலாவதி இயற்றிய பாஸ்கராசாரியாரோ, நான்கு பக்கங்களை மட்டும் சொல்லி நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றே ஏசுகிறார். சாய்ந்திருந்தபோது நமது சட்டத்தின் பரப்பு 9 சதுர அடிக்குக் குறைவுதான். ஆசாரியாரிடம் பக்கத்தை மட்டும் சொல்லியனுப்பிய நாம் எந்த இனம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அன்றிரவு குழந்தையிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, வாத்தியாருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிப் படித்தாள்.

"சாய்சதுரத்தை விட்டுவிட்டீர்களே, அப்பா!" என்று திருப்பிக் கொடுத்தாள்.