காதைக் குத்தாத லீட் டோன்

கிட்டாரின் லீட் டோன் காதைக் குத்தினால் உடனே புது பெடல் தேடுகிறோம். நான் முதலில் பார்ப்பது ஆம்ப்பின் ப்ரீஆம்ப் பகுதியைத்தான்.

மார்ஷல் ஜேசிஎம்800 2203-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்க்யூட் வரைபடத்தில் கெயின் பொட்டென்ஷியோமீட்டரின் குறுக்கே 1000 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். கெயினைக் குறைக்கக் குறைக்க, அது உச்ச ஒலிகளை மட்டும் தனி வழியில் கடத்திவிடும். குத்தலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைக் கழற்றினாலோ, 100 பிக்கோஃபாரட் அளவுக்கு இறக்கினாலோ சத்தம் உருண்டு வரும். கெயினை முழுதாகத் திருப்பி வாசிப்பவருக்கு மட்டும் வித்தியாசமே தெரியாது. அந்த நிலையில் அந்தக் கெபாசிட்டருக்கு வேலை இல்லை.

அடுத்தது இரண்டாவது கெயின் நிலையின் 10 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர். அலையின் ஒரு பக்கத்தைச் சீக்கிரமே வெட்டி, கரகரப்பைத் தருவது இதுதான். மதிப்பைக் குறைத்தால் வெட்டு மென்மையாகும். ஆனால் சோல்டானோ எஸ்எல்ஓ-100 ஆம்ப்பில் அதே வேலைக்கு 39 கிலோ ஓம் போட்டிருக்கிறார்கள்; அதன் லீட் வழுக்கிக்கொண்டு போகும். ஆக, ஒற்றை ரெசிஸ்டரை வைத்து டோனைத் தீர்மானிக்க முடியாது. முன்னும் பின்னும் உள்ள வடிகட்டலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். வால்வு ஆம்ப்பில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை வடித்து, மீட்டரில் சரிபார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள். பழக்கம் இல்லையென்றால் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.